அழித்த ஃபைல் நிஜமாகவே அழிந்துவிட்டதா?

போன மாதம் அக்கா வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பை விற்க ஆள் பார்த்துவிட்டார்கள். "எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன்டா, ரீசைக்கிள் பின்கூட காலி" என்றார் அக்கா. எதற்கும் பார்ப்போமே என்று அழித்த ஃபைல்களை மீட்டெடுக்கும் ரெக்குவா என்ற இலவச மென்பொருளை அதில் ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மாமாவின் ஆதார் ஸ்கேன், பாஸ்புக்கின் முதல் பக்கம், பிள்ளைகளின் போட்டோக்கள் எல்லாம் திரையில் வரிசைகட்டி நின்றன. அக்காவுக்கு முகமே மாறிவிட்டது.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரு பையனின் பெயரை அடித்துவிட்டார்கள், ஆனால் அவன் இன்னும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். டெலீட் செய்யும்போது நடப்பது இதுதான். விண்டோஸ் தன் பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை பழைய ஃபைல் அங்கேயே இருக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்தாலும் ரீசைக்கிள் பின்னைத் தாண்டிப் போகுமே தவிர, கதை மாறாது.

2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் வாங்கிய 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளில் 129 வேலை செய்தன. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12!

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை டிஸ்க்? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். இடப்பக்கம் டிஸ்க் 0 என்பதற்குக் கீழே எச்.டி.டி. (உள்ளே தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க்) அல்லது எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிப்பது) என்று போட்டிருக்கும். இதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள், இரண்டுக்கும் வழி வேறு வேறு.

அடுத்து, நகல்களைத் தேடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆதார் ஸ்கேன் டாக்குமென்ட்ஸில் ஒன்று, டவுன்லோட்ஸில் ஒன்று என்று கிடக்கும். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) கணக்கோடு இணைந்த ஃபோல்டராக இருந்தால், இங்கே அழித்தது இணையத்தில் அதன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும். அங்கேயும் போய்க் காலி செய்யுங்கள். போட்டோவை அழித்தாலும் அதன் சின்ன உருவம் தங்கிவிடும். டிஸ்க் கிளீனப்பைத் திறந்து 'தம்ப்நெயில்ஸ்' என்பதை டிக் செய்து துடைத்துவிடுங்கள். வேண்டியவற்றை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டீர்களா? அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், இனிமேல் திரும்பி வர வழியில்லை.

எச்.டி.டி. என்றால்: ஃபைல்களை ஷிஃப்ட் டெலீட் செய்து முடித்தபின், காலியான இடத்தின் மேல் எழுத வேண்டும். இதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட்டில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடி, வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். சி, ஐ, பி, எச், இ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு ஸ்லாஷ், டபிள்யூ, கோலன், டி, மறுபடி கோலன், கடைசியில் பேக்ஸ்லாஷ். டி டிரைவுக்கு இப்படி. சி டிரைவுக்கு டி இருக்கும் இடத்தில் சி. என்டர் தட்டுங்கள்.

கறுப்புத் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகரும். முதல் சுற்றில் பூஜ்யம், இரண்டாவதில் அதற்கு நேர்மாறு, மூன்றாவதில் தாறுமாறான எண்கள் எழுதப்படும். இருக்கிற ஃபைல்களை இது தொடாது, பயம் வேண்டாம். 500 ஜிபி டிஸ்க் பெரும்பாலும் காலி என்றால் நாலைந்து மணி நேரம்கூட ஆகலாம். மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

35 முறை எழுதினால்தான் போகும் என்று சிலர் சொல்வார்கள். அது 1996-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது; அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கானது. இன்றைய எச்.டி.டி.க்கு ஒருமுறை முழுதாக எழுதினாலே போதும்.

எஸ்.எஸ்.டி. என்றால் மேலே சொன்ன கமாண்டை ஓட்டாதீர்கள். நீங்கள் ஓர் இடத்தில் எழுதச் சொன்னால் அது வேறோர் இடத்தில் எழுதிக்கொள்ளும், தேய்மானம்தான் மிச்சம். விண்டோஸ் 7 முதல், ஃபைலை அழித்ததும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று டிஸ்க்குக்கே தகவல் போய்விடும், அதுவே துடைத்துக்கொள்ளும். கூடவே செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டுச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) இருந்தால் வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள். அதன் ரெக்கவரி கீயை, அதாவது பூட்டைத் திறக்கும் எண்ணை, மட்டும் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கணினியையே கைமாற்றுகிறீர்கள் என்றால், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'ரீசெட் பிசி' என்று போங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்தபின் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'கிளீன் டேட்டா' என்று ஒன்று வரும். அது தானாக ஆன் ஆகாது, நீங்கள்தான் போட வேண்டும்.

அக்கா வீட்டில் மறுநாள் காலை டி டிரைவில் ரெக்குவாவை மறுபடி ஓட்டினோம். சில ஃபைல்களின் பெயர்கள் பட்டியலில் அப்படியே வந்தன. அக்கா பதறிவிட்டார். ஆதார் ஸ்கேனை மீட்டெடுத்துத் திறந்து காட்டினேன், படம் வரவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது, பெஞ்சில் யாரும் இல்லை. அப்புறம்தான் ரீசெட் போட்டு ஆளை வரச் சொன்னோம்.