வவுச்சரில் 'ஜாப் ஒர்க்' என்று எழுதிவிட்டால் பிஎஃப் கிடையாதா? கேட்டு வாங்குவது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் 2013 முதல் காலர் தைத்தேன். மொத்தம் 27 பேர். காலை ஒன்பதே காலுக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள், பிந்தி வந்தால் அரை நாள் கூலி போச்சு. மெஷின், நூல், ஊசி எல்லாம் கம்பெனியுடையவை. பிஎஃப் பிடிக்கச் சொல்லி நாங்கள் கேட்ட அடுத்த மாதமே, 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் ஏதோ அடித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். "இனிமேல் நீங்கள் வேலையாட்கள் இல்லை, கான்ட்ராக்டர்கள்" என்றார் மேனேஜர். அதற்குப் பிறகு சம்பளம் என்ற சொல்லே போய், சனிக்கிழமை தோறும் 'தையல் ஜாப் ஒர்க்' என்று வவுச்சர் வந்தது. வருமான வரியில்கூட கான்ட்ராக்டர்களுக்கான 194சி பிரிவில் 1 சதவீதம் பிடித்தார்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் முதலில் பயத்தை விடுங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விடாது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தையல்காரர்களும் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் 1973லேயே, சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் சொல்லிவிட்டது. மெஷின் யாருடையது, சரியில்லாத பீஸைத் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்றுதான் அங்கே பார்த்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் பட்டன் கட்டும் கொருக்குப்பேட்டைப் பெண்களும் கவனியுங்கள்: வீட்டில் பீடி சுற்றியவர்களுக்கு பிஎஃப் உண்டு என்று 1985ல் அதே நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது.

ஆகவே பெயர் என்ன வைத்தார்கள் என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைக் காட்டினால் போதும். அதற்கான ஆதாரத்தைப் புகார் கொடுப்பதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். புகார் போன மறுநாள் வருகை நோட்டு மேசையில் இருக்காது. நான் மூன்று மாதம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தினமும் எழுதினேன்: எத்தனை மணிக்கு உள்ளே போனேன், எத்தனை மணிக்கு வெளியே வந்தேன், எத்தனை காலர், எத்தனை திரும்பி வந்தது, லீவு யாரிடம் கேட்டேன். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் வரணும், வராதவர்களுக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை" என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜை அழிக்காமல் வைத்தேன். சுதந்திரமான கான்ட்ராக்டரிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? விசாரணையில் அதிகாரி அதை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். வவுச்சர், ஜிபே வரவு, பண்டில் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

அடுத்தது தலை எண்ணிக்கை. பிஎஃப் வர 20 பேர், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ வர 10 பேர் வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் ஒரே மாடியை முதலாளி பெயரில் பாதி, அவர் மனைவி பெயரில் பாதி என்று பிரிப்பார்கள். கரன்ட் மீட்டர் ஒன்று, வாசல் ஒன்று, கூலி கொடுப்பவர் ஒருவர் என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்துப் பார்க்க அதிகாரிக்கு வழி இருக்கிறது. நடுவில் ஒரு மேஸ்திரி இருந்து ஆள் பிடித்தாலும், அவர் மூலம் வந்தவர்களும் கணக்கில் சேர்வார்கள்.

புகாரில் அழ வேண்டாம், மனது வலித்தாலும். கம்பெனி பெயர், கதவு எண், முதலாளி பெயர், எத்தனை பேர், எந்த மாதத்திலிருந்து, என்ன கூலி. ஒரு பக்கம் போதும். பிஎஃப் குறைதீர்ப்பு இணையதளமான இபிஎஃப்ஐஜிஎம்எஸ்-இல் பதிந்து எண்ணை வாங்கிக்கொண்டு, அதே புகாரை ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள பிஎஃப் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இஎஸ்ஐக்கு நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலை. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு: உங்களிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25. விரலில் ஊசி ஏறுகிற வேலை நம்முடையது, இதை விட்டுவிடாதீர்கள்.

தள்ளியும் போடாதீர்கள். பழைய பிஎஃப், இஎஸ்ஐ சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. முதலாளி கட்டாத பாக்கியை நிர்ணயிக்கும் விசாரணையைத் தொடங்க அதில் ஐந்து ஆண்டு வரம்பு இருக்கிறது.

எங்கள் கம்பெனிக்கு ஆய்வு வந்த அன்று, பாதிப் பேரைப் பின்படி வழியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் 27 பேரின் பெயரையும் புகாரோடு கொடுத்திருந்ததால்தான் தப்பித்தோம். விசாரணை நடத்தும் அதிகாரிக்கு ஆட்களை வரவழைக்கவும் கணக்குப் புத்தகங்களைக் கேட்கவும் அதிகாரம் உண்டு. வாய்தா தள்ளித் தள்ளிப் போகும், ஒரு நாள் கூலி போகும். ஆனாலும் ஒருவராவது ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நில்லுங்கள். யாரும் இல்லாத அன்று முதலாளி சொல்வது மட்டும்தான் பதிவாகும்.

புகாரில் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் எட்டுப் பேர் போட்டோம், இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த இரண்டு பேருக்கும் அப்படித்தான் வக்கீல் கிடைத்தார்.

பாக்கியைக் கட்டச் சொல்லி உத்தரவு வந்த பிறகு, பழைய மாதங்களுக்கான உங்கள் பங்கையும் முதலாளிதான் கட்ட வேண்டும். "உன் பாகத்தைக் கூலியில் பிடிக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் மத்திய அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து, பணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். எங்களோடு பட்டன்ஹோல் போட்ட அக்கா 2012ல் சேர்ந்தவர், பதிவில் 2019 என்று இருந்தது. பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், அவருக்கு அப்போது வயது 57. பழைய வவுச்சர்களைக் கட்டிக்கொண்டு நானும் அவரும் ராயப்பேட்டைக்கு நான்கு தடவை போய்த்தான் அந்தத் தேதியைத் திருத்தினோம்.