ஆர்டினேஷன் ப்ளாட்ல பேர் மேல பேர் ஏறி கெடந்தா என்ன பண்ணலாம்

இங்க பெங்களூர்ல எங்க லேப்ல போன வாரம் ஜூனியர் தம்பி ஒருத்தன் லேப்டாப்ப தூக்கிட்டு வந்து "அக்கா, ஒரு பேரு கூட படிக்க முடியல"ன்னான், பாத்தா ஆர்டினேஷன் படத்தோட (எந்தெந்த இனம் சேந்து வருதுன்னு புள்ளியா காட்டுற படம்) நடுவுல எறும்பு மொய்ச்ச மாதிரி ஒரே கறுப்பு. அவன் பழகிட்டு இருந்தது ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருள்ல, சூழலியலுக்கான வீகன் பேக்கேஜ் கூடவே வர்ற பிசிஐ டேட்டா, பனாமால பாரோ கொலராடோ தீவு காடு, 50 ப்ளாட் (அளந்து எடுத்த காட்டுத் துண்டு), 225 மர இனம். 225 பேர உள்ளங்கை அளவு இடத்துல எழுதினா வேற எப்படி இருக்கும்?

எழுத்த சின்னதாக்கி பாத்திருக்கான், எல்லாரும் மொதல்ல அதத்தான் பண்றோம், அதுல பிரயோஜனம் இல்ல. படத்த பெருசாக்கினாலும் ஜர்னல் பக்கத்தோட பத்தி அகலத்துக்கு சுருங்கும்போது எழுத்தும் சேந்து சுருங்கிடும், அதனால கடைசியா அச்சாகப்போற அளவுலயே ஆரம்பத்துலேந்து வரைங்க. அப்புறம் எந்த பேரு கண்டிப்பா தெரியணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க, ஏன்னா அத சாஃப்ட்வேர் உங்களுக்காக முடிவு பண்ணாது.

பண்ற விதம் இதுதான். ஆர்ல படம் போடும்போது டைப்ப ஆங்கில "என்"னு குடுத்து வெறும் சட்டத்த மட்டும் வரைஞ்சுக்கோங்க, அதுக்கு மேல வீகன்ல இருக்குற ஆர்டிடார்ப் ஃபங்ஷன கூப்பிடுங்க. இது இடம் இருந்தா பேர எழுதும், இன்னொரு பேரு மேல இடிச்சா வெறும் புள்ளி வச்சிட்டு போயிடும். யாருக்கு மொதல் இடம்னு ப்ரையாரிட்டில சொல்லணும், அங்க கால்சம்ஸ் போட்டு ஒவ்வொரு இனத்துலயும் மொத்தம் எத்தன மரம்னு குடுத்தா நெறைய இருக்குறது முந்திக்கும், ஃபராமியா ஆக்சிடென்டாலிஸ் மாதிரி காடு பூரா இருக்குற மரத்துக்கு பேரு வரும், ஒத்த மரம் ரெண்டு மரம் உள்ளதெல்லாம் புள்ளியா நிக்கும். இது ரொம்ப முக்கியம்ங்க, சிஏ (கரெஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ்) மாதிரி ஆர்டினேஷன் முறைல அபூர்வமான இனங்க ஓரத்துல போய் ஒக்காந்துக்கும், அங்க காலி இடம் நெறைய இருக்கறதால அதோட பேருதான் பளிச்சுனு தெரியும், பாக்குறவங்க அதுதான் பெரிய விஷயம்னு நெனச்சிடுவாங்க. ஒண்ண மட்டும் கவனிங்க, ஆர்டினேஷனுக்கு குடுத்த அதே டேபிள்லேந்துதான் கால்சம்ஸ் எடுக்கணும், நடுவுல சில இனத்த தூக்கிட்டு பழைய டேபிள்லேந்து எடுத்தா வரிசை மாறி தப்பான மரம் முன்னாடி வந்து நிக்கும். இன்னும் பேரு தெரியணும்னா ஏர்ங்கற மதிப்ப (பேருங்களுக்கு நடுவுல விடுற இடைவெளி) 1லேந்து கொஞ்சம் கொறைங்க, ரொம்ப நெருக்கமா இருந்தா ஏத்துங்க.

பேர சுருக்க வீகன்ல மேக் டாட் செப்நேம்ஸ்ங்கற ஃபங்ஷன் இருக்கு, பேரினத்துல நாலு எழுத்து, சிற்றினத்துல நாலு எழுத்து எடுக்கும். நல்ல வசதிதான், ஆனா நம்ம ஊர் ரோட்டோர மரங்கள வச்சு பண்ணப்போ ஃபைகஸ் பெங்காலென்சிஸும் ஃபைகஸ் பெஞ்சமினாவும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சு, எட்டு எழுத்துல கடைசி எழுத்து மட்டும் ஒண்ணுல ஜி, இன்னொண்ணுல ஜே. ஒண்ணு நம்ம ஆலமரம், இன்னொண்ணு அழகுக்கு வைக்கிற மரம், ரெண்டும் மாறிப்போனா ஆராய்ச்சியே மாறிடும். சுருக்கினதுக்கு அப்புறம் ஒரு தடவ லிஸ்ட்ட கண்ணால பாத்துடுங்க.

இனம் முப்பது நாப்பதுக்குள்ள இருந்தா வீகனோட ஆர்டிபாயிண்ட்லேபிள் ஃபங்ஷன் இன்னும் நல்லாருக்கும், புள்ளிய அப்படியே விட்டுட்டு பேர மட்டும் சுத்தி நகத்தி நகத்தி இடிக்காத எடம் தேடும். ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் வேற மாதிரி வரும், அதனால மறுபடியும் அதே படம் வர, முன்னாடியே செட் டாட் சீட் போட்டுக்கோங்க. ஆர்ல படம் வரைய ஜிஜிப்ளாட் பேக்கேஜ் பழக்கம்னா அதோட ஜிஜிரெப்பெல் இருக்கு, ஆனா அதுல மேக்ஸ் ஓவர்லாப்ஸ் (எத்தன இடிப்பு வரைக்கும் விடலாம்ங்கற அளவு) தானாவே 10, அதுக்கு மேல இடிக்கிற பேரெல்லாம் படத்துல வராது, வார்னிங் ஒண்ணு மட்டும் வரும், அத படிக்காம விட்டா எது காணாமப் போச்சுன்னே தெரியாது.

சைட்டையும் (அந்த ப்ளாட்டுங்க) இனத்தையும் ஒரே படத்துல திணிக்காதீங்க, ஒரே அச்சு அளவு வச்சு பக்கத்துல பக்கத்துல ரெண்டு படம் போடுங்க. மிச்சம் ரெண்டு மூணு பேரு இடிச்சா பிடிஎஃப்பா எடுத்து இங்க்ஸ்கேப்ங்கற வரையிற மென்பொருள்ல பேர கையால நகத்தலாம், புள்ளிய மட்டும் தொடக்கூடாது. படத்துக்கு கீழ எழுதும்போது 225ல எத்தனைக்கு பேரு போட்டீங்க, எத வச்சு தேர்ந்தெடுத்தீங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க, முழு லிஸ்ட்டும் பின்னிணைப்புல போகட்டும்.