கல்லிடைக்குறிச்சி அப்பளம் கடல் தாண்ட: அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தை நாம் பயன்படுத்துவது எப்படி

போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக்கார அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மூன்று பேர் மாவு உருட்டிக்கொண்டிருக்க, வெளியே பாயில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. மலேசியாவில் ஒரு கடைக்காரர் இருநூறு கிலோ கேட்டிருக்கிறார், எப்படி அனுப்புவது என்றுதான் பேச்சு. நடுவில் அக்கா கேட்டார்: "டிவியில அந்த நாட்டோட ஒப்பந்தம், இந்த நாட்டோட ஒப்பந்தம்னு கை குலுக்குதாவளே அண்ணாச்சி, அதுல நமக்கு ஏதாவது உண்டா?"

உண்டு. அந்த நாட்டுச் சுங்கத்தில் நம் சரக்குக்கு வரி குறையும், ஆனால் அது தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். அக்காவுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முன்கதை கொஞ்சம், அலுப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள். வளரும் நாடுகள் எல்லாம் பணக்கார நாடுகளுக்கே விற்றுக்கொண்டிருக்காமல் தங்களுக்குள்ளும் கொடுத்து வாங்க வேண்டும் என்ற பேச்சு, 1964இல் ஜி-77 கூட்டணி உருவான காலத்திலிருந்தே இருக்கிறது. 1975இல் பாங்காக் ஒப்பந்தம் வந்தது, 1989இல் வளரும் நாடுகளுக்கு இடையிலான உலகளாவிய வரிச் சலுகை ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அப்புறம் நமக்கு நேரடியாகப் பயன்படுகிற இரண்டு: இலங்கையோடு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, ஆசியான் நாடுகளோடு (மலேசியா, மியான்மர் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகள்) 2009இல் போட்டு 2010 ஜனவரியில் தொடங்கியது. எல்லாவற்றிலும் அரசாங்கத்தின் வேலை கதவைத் திறந்து வைப்பதோடு முடிந்துவிடும். சரக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவது வியாபாரியின் பாடு. ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல் முழு வரி கட்டி விற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி எண். டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டினால் கிடைத்துவிடும், பான் எண்தான் அந்த எண்ணும். ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வருடா வருடம் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும், மறந்தால் முடக்கி வைத்துவிடுவார்கள், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம், ஜிஎஸ்டியில் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி), ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் வங்கியின் ஏடி கோடு என்ற எண்ணைத் துறைமுகச் சுங்கத்தில் பதிவு செய்வது, இவை எல்லாம் சுங்க வேலையைப் பார்த்துக்கொடுக்கும் ஒரு நல்ல கிளியரிங் ஏஜென்ட் இருந்தால் ஓடிவிடும். தூத்துக்குடியில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டில் உட்கார்ந்து போனில் பேசி முடிக்காதீர்கள். பஸ் ஏறிப் போய், நேரில் பார்த்து, கூலி எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது எச்எஸ் கோடு, சுங்கத்தில் சரக்கை வகை பிரிக்கும் எண். உலகத்தில் எந்தச் சரக்குக்கும் ஆறு இலக்கம் பொது, நம் நாட்டில் எட்டு இலக்கம். அப்பளம் 1905 90 40. பனங்கருப்பட்டியைச் சர்க்கரைதானே என்று 1701இல் கொண்டுபோய்ப் போடக் கூடாது, பனஞ்சர்க்கரைக்கு 1702இல் தனி எண் இருக்கிறது. பத்தமடைப் பாய் 4601. இந்த எண்ணை முடிவு செய்த பிறகுதான் ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சலுகை கிடையாது என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் உங்கள் எண் இருந்தால் மேற்கொண்டு படிப்பது நேர விரயம். இன்னொன்றும் உண்டு. அந்த நாட்டில் உங்கள் சரக்குக்குச் சாதாரணமாகவே வரி பூஜ்யம் என்றால் சலுகைச் சான்றுக்கு, அதாவது இது இந்தியச் சரக்கு என்று காட்டும் தாளுக்கு, அலைய வேண்டியதே இல்லை. வாங்குபவரிடமே கேளுங்கள்: "இந்த எண்ணுக்கு உங்கள் ஊரில் சாதா வரி எவ்வளவு, இந்திய ஒப்பந்தத்தில் எவ்வளவு, வேறு செஸ் உண்டா?" மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். சலுகை பெரும்பாலும் சுங்க வரிக்கு மட்டும்தான், மற்ற வரிகள் அப்படியே நிற்கும்.

இப்போது முக்கியமான இடம். இது இந்தியச் சரக்குதானா? கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணித் தண்ணீரில் பிசைந்த அப்பளம் இந்தியச் சரக்கு இல்லாமல் வேறு என்ன என்று அக்கா சிரித்தார். உளுந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கடையிலிருந்து. கடைக்கு? பர்மா உளுந்து!

இதுவும் ஒரு ஒப்பந்தக் கதைதான். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் மியான்மரிலிருந்து ஐந்து ஆண்டுகள் எடுப்பதென்று 2021 ஜூனில் இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. ஆனால் வாங்குவதும் விற்பதும் தனியார் வியாபாரிகள். அரசு அளவைச் சொல்லும், பேரம் பேசுவது வியாபாரி. பெருங்காயத்துக்கு மூலப் பிசின் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வருகிறது. ஆக ஒரு அப்பளத்துக்குள் மூன்று தேசம் இருக்கிறது.

ஆசியான் ஒப்பந்தத்திலும் சரி, இலங்கை ஒப்பந்தத்திலும் சரி, பொது விதி இதுதான்: வெளிநாட்டுப் பொருளை வாங்கிச் செய்தால், அது வேறு எண்ணுள்ள சரக்காக மாறியிருக்க வேண்டும், அதோடு எஃப்ஓபி விலையில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டு மதிப்பாக இருக்க வேண்டும். எஃப்ஓபி என்றால் தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிவிடும் வரைக்குமான விலை. எண் மாற்றம் பிரச்சினை இல்லை, உளுந்து 0713, அப்பளம் 1905. மதிப்புக் கணக்கைத்தான் பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும். அக்கா வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் போட்டோம். தொகையெல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டது: கிலோ எஃப்ஓபி 250 ரூபாய், அதில் பர்மா உளுந்து 130, பெருங்காயம் 5, சேர்த்து 135. அது 54 சதவீதம், மிச்சம் 46 நம்முடையது, தேறிவிட்டது. இப்போது அந்தக் கடைக்காரர் பேரம் பேசி 200க்கு இறக்கிவிடுகிறார் என்று வையுங்கள். அதே 135 இப்போது 67.5 சதவீதம். நம் பங்கு 32.5. சலுகை போச்சு! விலையைக் குறைத்ததால் நாம் இழந்தது கிலோவுக்கு 50 ரூபாய் மட்டும் இல்லை, வாங்குபவர் முழு வரி கட்டுவார், அப்புறம் அதற்கும் சேர்த்து நம்மிடமே தள்ளுபடி கேட்பார். பேரத்துக்கு உட்காரும் முன்பே எந்த விலைக்குக் கீழே போனால் இந்தக் கணக்கு உடையும் என்று தெரிந்து வைத்திருங்கள். நம் கணக்கில் அது சுமார் 208 ரூபாய்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆசியான் ஒப்பந்தத்தில் மியான்மரும் ஒரு தரப்பு, அதனால் உளுந்து அந்த ஒப்பந்தத்தின் சான்றோடு வந்திருந்தால், மலேசியாவுக்கு அனுப்பும்போது அதையும் நம்முடையதாகவே எண்ணலாம். இலங்கைக்கு அனுப்பினால் அப்படி எண்ண முடியாது. ஆனால் நாம் டவுன் மண்டியில் மூட்டை வாங்குபவர்கள், அந்தச் சான்று நம் கைக்கு எங்கே வரப்போகிறது. வெளிநாட்டுச் சரக்கு என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள், தேறினால் கவலை இல்லை. உளுந்து பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

கணக்கு தேறினால் பிறப்பிடச் சான்று. டிஜிஎஃப்டியின் மின்னணுத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், சலுகைச் சான்றுக்கு ஏற்றுமதி ஆய்வு முகமை போன்ற அரசு அமைப்புகள்தான் கையெழுத்து. வர்த்தக சங்கத்தில் கொடுக்கும் சாதாரணப் பிறப்பிடச் சான்று வேறு, அதைக் காட்டி வரிச் சலுகை கேட்க முடியாது. என் முதல் சரக்கில் நான் மாட்டியது இங்கேதான். விண்ணப்பத்தில் 'அப்பளம்' என்று போட்டேன், பில்லில் நான் வைத்திருந்த ஏஜென்ட் 'பாப்பட்' என்று அடித்திருந்தார். எங்களுக்கு இரண்டும் ஒன்று. சரக்கு இறங்கிய ஊர்ச் சுங்க அதிகாரிக்கு இரண்டும் வெவ்வேறு சரக்கு. வாங்கியவர் முழு வரி கட்டி எடுத்துக்கொண்டு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பில், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்), சான்று, நான்கிலும் பெயர், எடை, எண் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சான்றைச் சரக்கு ஏறும்போதே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கவும் வழி உண்டு, அலைச்சல்தான்.

அப்புறம், இந்தச் சலுகைப் பணம் வாங்குபவர் பையில்தான் விழுகிறது, நம் கணக்கில் ஒரு பைசா வராது. அதனால் விலை பேசும்போதே அதை எடுத்து முன்னால் வையுங்கள். "சான்று நான் தருகிறேன், உங்களுக்கு இத்தனை ரூபாய் வரி மிச்சம், அதில் பாதியை விலையில் கொடுங்கள்." கேட்க வெட்கப்பட்டால் நம்முடைய அலைச்சல் அவருக்கு லாபம்.

பணம் வாங்கும் விஷயத்தில் உறவு, ஊர்க்காரர் எல்லாம் பார்க்க வேண்டாம். வாங்குபவர் நல்லவராக இருந்தாலும் அவருடைய நாட்டில் டாலர் இல்லாமல் போகலாம். 2022இல் இலங்கையில் அதுதான் நடந்தது. அந்த மார்ச்சில் உணவு, மருந்து போன்றவற்றுக்காக இந்தியா ஸ்டேட் வங்கி மூலம் 100 கோடி டாலர் கடன் வசதி கொடுத்தது, அதற்குள் வந்த ஆர்டர்களுக்குப் பணம் இங்கேயே கிடைக்கும் வழி இருந்தது. இப்படிப்பட்ட கடன் வசதிகளை எக்ஸிம் வங்கி (அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி) ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கொடுக்கிறது, பெரும்பங்கு சரக்கை இந்தியாவில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பெரிய ஆர்டர் வந்தால் அதில் சேருமா என்று கேட்டுப் பாருங்கள். சின்ன ஆர்டருக்குப் பாதி முன்பணம், மீதிக்கு, வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடு கொடுக்கும் அரசு நிறுவனமான இசிஜிசியின் காப்பீடு. முதல் சரக்கைக் கடனுக்கு அனுப்பாதீர்கள்.

மாலத்தீவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் கோபிப்பார்கள். 1981இல் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் அரிசி, முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு என்று அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று இந்திய அரசு ஒதுக்குகிறது. 2024 ஏப்ரலில், வெங்காய ஏற்றுமதிக்கே தடை இருந்த நேரத்தில், மாலத்தீவுக்கு 35,749 டன் ஒதுக்கினார்கள், ஏற்றலாம் என்று குறித்த துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. ஆகையால் தடை என்று செய்தி வந்ததும் கடையை மூடிவிடாமல், அறிவிக்கையின் கடைசிப் பத்தி வரை படியுங்கள், விலக்கு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இருநூறு கிலோவுக்கு முழு கன்டெய்னர் வேண்டியதில்லை, பங்கு இடம் கிடைக்கும். ஆனால் அப்பளம் எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும், கனஅளவுக்குத்தான் வாடகை போடுவார்கள். நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே ஐஇசியில் அனுப்பினால் செலவு தாங்கும், குழுவாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்திலும் காது கொடுத்துக் கேட்பார்கள். பத்தமடைப் பட்டுப்பாய் மாதிரி ஒன்றிரண்டாகப் போகிற சரக்குக்கு அஞ்சலக ஏற்றுமதியே போதும், தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள்.

அக்கா காலண்டர் தாளைக் கிழித்து மடித்து, உளுந்து பில்லோடு சேர்த்து முறுக்கு டின்னுக்குள் போட்டு மூடினார். 208 என்ற எண்ணை மட்டும் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார், மலேசியாக்காரர் அடுத்த வாரம் போன் செய்வாராம்.