பைப்புக்குள் வயர் இழுக்க பைபர்கிளாஸ் கம்பி

கிளிநொச்சிப் பக்கம் கட்டிச் சில காலம் பூட்டிக் கிடந்த வீடு என்றால், வயர் இழுக்க முதல் பைப்பின் வாயைப் பாருங்கள், குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அதைக் குத்தி எடுங்கள். மெயின் சுவிட்சையும் நிறுத்துங்கள். வயர் இழுக்கும் பைபர்கிளாஸ் கம்பியில் மின்சாரம் பாயாதுதான், ஆனால் அதன் நுனியில் இருப்பது உலோகக் கொக்கி.

சரி, கம்பிகளை ஒன்றோடொன்று திருகிப் பூட்டி, பைப்புக்குள் தள்ளும்போது வலப்பக்கமாகவே சுழற்றுங்கள். இடப்பக்கம் சுழற்றினால் பூட்டு கழன்று பாதிக் கம்பி உள்ளேயே நின்றுவிடும், எனக்கு ஒருமுறை அப்படி நடந்து சுவரை உடைக்க வேண்டி வந்தது. கொக்கி மறுபக்கம் வந்ததும், வயர் நுனிகளை ஒரே இடத்தில் சேர்க்காமல் முன்பின்னாக வைத்து, கொக்கியில் மடித்து, ரேப்பை இறுக்கிச் சுற்றினால் கட்டு மெலிதாக இருக்கும், வளைவில் சிக்காது. ஒருவர் இழுக்க, மற்றவர் மறுபக்கம் முறுக்கில்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். வெயிலில் கிடந்த பழைய கம்பியை வெறுங்கையால் தொடாதீர்கள், நார் தோலில் ஏறிக் குத்தும்.