ஒரு ஸ்ட்ரைக்கரின் கணக்கை எழுதுவது எப்படி

முதல் வேலை, “மொத்தக் கோல்” என்ற கட்டத்தை அழித்துவிடுங்கள். அது கடைசியில் தானாக வரட்டும்.

கால்பந்து வீரர்களின் கணக்கை எக்செல்லில் ஏற்றி வைப்பது என் நெடுநாள் பைத்தியம். அதிலும் ஆப்பிரிக்காவின் தென்கோடி ஸ்ட்ரைக்கர்கள் (கோல் அடிப்பதே வேலையான முன்வரிசை வீரர்கள்) என்றால் தூக்கம் போய்விடும். ஐரோப்பிய வீரனின் கணக்கு ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஜாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்று வந்தால் நாமேதான் கட்ட வேண்டும். சுவாரசியமும் அங்கேதான் இருக்கிறது.

பயிற்சிக்கு காலின்ஸ் எம்பெசுமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாம்பியாக்காரர். 2004-05 சீசனில் தென்னாப்பிரிக்காவின் கைசர் சீஃப்ஸுக்கு ஆடினார். அந்த சீசனில் எத்தனை கோல் என்று தேடினால் ஒரு இடத்தில் 25 என்றிருக்கும், இன்னொரு இடத்தில் 35. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 25 லீக்கில் மட்டும் அடித்தது. தென்னாப்பிரிக்காவின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக்கில் ஒரே சீசனில் அதுதான் சாதனை. 35 என்பது கோப்பை ஆட்டங்களையும் சேர்த்து. இதைப் பிரிக்காமல் ஒரே எண்ணாக எழுதி, பக்கத்தில் இன்னொருவரின் லீக் கோலை மட்டும் வைத்து ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே என் விதி இது: ஒரு சீசன், ஒரு கிளப், ஒரு போட்டி, இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வரி. கிளப் மாறினால் புது வரி, போட்டி மாறினால் புது வரி. தாள் நீளும், நீளட்டும்.

போட்டியின் பெயர்தான் அடுத்த தலைவலி. தென்னாப்பிரிக்காவில் ஸ்பான்சர் மாறினால் பெயரும் மாறிவிடும். காஸில், ஏப்சா, டிஎஸ்டிவி, பெட்வே என்று நான்கு பெயரில் நீங்கள் பார்ப்பது அதே பிரீமியர் சாக்கர் லீக்தான், 1996-இல் தொடங்கியது. நெட்பேங்க் கோப்பைக்கு முந்தைய பெயர் ஏப்சா கோப்பை. இங்கே கவனம் தேவை: 2007 வரை ஏப்சா என்றால் கோப்பை, அதற்கு அப்புறம் ஏப்சா என்றால் லீக். பழைய செய்தியில் “ஏப்சாவில் அடித்தார்” என்று இருந்தால் ஆண்டைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். நான் போட்டிக்கு ஒரு நிரந்தரக் குறியீடு வைத்து, அன்றைய ஸ்பான்சர் பெயரை அடுத்த கட்டத்தில் எழுதுகிறேன்.

சீசன் கட்டத்துக்கும் இதே எச்சரிக்கை. ஜிம்பாப்வே, மலாவி லீக்குகள் ஆண்டின் முன்பாதியில் தொடங்கி ஆண்டுக் கடைசியில் முடிகின்றன. தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்டில் தொடங்கி மே வரை. ஜாம்பியா 2019 வரை முதல் வகை, அப்புறம் இரண்டாம் வகை. ஜாம்பியாவின் பாட்சன் டாக்கா 2017 தொடக்கத்தில் ஆஸ்திரியாவுக்குப் போனபோது அங்கே பாதி சீசன் ஓடியிருந்தது. ஜாம்பியாவில் அந்த ஆண்டு லீக் இன்னும் தொடங்கவே இல்லை. இந்த மாதிரி வீரனுக்கு “2016-17” என்று ஒரே வரி போட்டால் எந்த லீக்கின் எந்தப் பாதி என்று யாருக்கும் புரியாது. ஜிம்பாப்வே சீசனை “2016” என்று ஒரே ஆண்டாகவும், தென்னாப்பிரிக்க சீசனை “2016-17” என்று இரண்டு ஆண்டாகவும் எழுதுங்கள், போதும்.

கிளப் பெயரை அன்று இருந்தபடியே எழுதவும். தென்னாப்பிரிக்காவில் லீக் இடத்தையே விலைக்கு விற்கலாம். நமீபியாவின் பீட்டர் ஷாலுலிலே 2019-20-இல் 16 கோல் அடித்து, மலாவியின் எம்ஹாங்கோவோடு அதிக கோல் விருதைப் பகிர்ந்துகொண்டார். அப்போது அவர் ஆடிய ஹைலண்ட்ஸ் பார்க் அதே 2020-இல் தன் இடத்தை டிஎஸ் கேலக்ஸிக்கு விற்றுவிட்டது. அவரோ சன்டவுன்ஸுக்குப் போனார். “இப்போதைய பெயர்” போடுகிறேன் என்று கிளம்பினால், ஷாலுலிலே கேலக்ஸிக்கு ஆடியதாக முடியும்.

லோன், அதாவது ஒரு கிளப் தன் வீரனை இன்னொரு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது, அந்த விஷயத்தில் பென்னி மெக்கார்த்தியை விடச் சிறந்த பாடம் கிடையாது. கேப் டவுனில் பிறந்தவர். செவன் ஸ்டார்ஸ், கேப் டவுன் ஸ்பர்ஸ் வழியாக 1997-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ், 1999-இல் ஸ்பெயினின் செல்டா விகோ. 2002 தொடக்கத்தில் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு லோனில் போய்க் கோல் மழை பொழிந்தார். வாங்கப் பணமில்லாததால் போர்ட்டோ திருப்பி அனுப்பியது. 2002-03 முழுக்க செல்டாவில். 2003-இல்தான் நிரந்தரமாக போர்ட்டோ. இடையில் போன அந்த ஒரு வருடத்தில்தான் போர்ட்டோ யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது! “2002 முதல் 2006 வரை போர்ட்டோ” என்று சோம்பேறித்தனமாக ஒரே வரி எழுதினால், அவர் தொடாத கோப்பை ஒன்று அவர் கைக்கு வந்துவிடும். 2004 சாம்பியன்ஸ் லீக் அவருடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம்; மான்செஸ்டர் யுனைடெட்டை போர்ட்டோ 2-1 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோலும் அவர் அடித்தது.

சரி, நாட்டுக்காக அடித்தவை. இதற்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள், கிளப் கணக்கோடு கலக்க வேண்டாம். எந்த ஆட்டம், யாரோடு என்று விவரமாக எழுதினால்தான் அழகு. மெக்கார்த்தி தென்னாப்பிரிக்காவுக்கு அடித்தது 31. அதில் ஏழு 1998 ஆப்பிரிக்கக் கோப்பை ஒன்றில் மட்டும். அந்த ஏழில் நான்கு நமீபியாவுக்கு எதிரே, 13 நிமிட இடைவெளிக்குள். அதே ஆண்டு உலகக் கோப்பையில் டென்மார்க்கிடம் அடித்தது, உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் முதல் கோல். “31” என்ற எண்ணில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

நாட்டுத் தாள் காலியாக இருந்தால் உடனே வீரனைக் குறைத்து எடைபோடாதீர்கள். நிறவெறி ஆட்சியால் தென்னாப்பிரிக்காவை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா விலக்கி வைத்திருந்தது. 1992-இல்தான் திரும்பச் சேர்த்தது. கைசர் மோடாங் 1968-இல் அமெரிக்காவின் அட்லான்டா சீஃப்ஸுக்குப் போய்க் கோல் குவித்தார், திரும்பி வந்து 1970-இல் கைசர் சீஃப்ஸைத் தொடங்கினார். அவருக்கு நாட்டுத் தாளே கிடையாது. அவருடைய வரிசையில் அந்தக் கட்டத்தில் “தடை” என்று எழுதுகிறேன், பூஜ்ஜியம் போடுவதில்லை. ஜிம்பாப்வேக்கும் 2022 பிப்ரவரியிலிருந்து 2023 ஜூலை வரை அப்படி ஒரு இடைவெளி உண்டு.

இரண்டு மூலங்கள் முட்டிக்கொண்டால் என்ன செய்வது? கோட்ஃப்ரி சிட்டாலுவின் கதையைக் கேளுங்கள். 2012-இல் மெஸ்ஸி ஒரே ஆண்டில் 91 கோல் அடித்து, 1972-இல் ஜெர்ட் முல்லர் அடித்த 85-ஐத் தாண்டினார். உலகமே கொண்டாடியது. அப்போது ஜாம்பியா கால்பந்து சங்கம் எழுந்து, அதே 1972-இல் எங்கள் சிட்டாலு 107 அடித்திருக்கிறாரே என்றது. ஃபிஃபா, உள்நாட்டு லீக் கணக்குகளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. சிட்டாலுவைக் கேட்கவும் வழியில்லை. ஜாம்பிய அணியின் பயிற்சியாளராக 1993 ஏப்ரல் 27 அன்று கபோன் கடற்கரையில் விழுந்த விமானத்தில் அவரும் போய்விட்டார்.

என் தாளில் 107 இருக்கிறது. பக்கத்திலேயே “சொன்னவர்: ஜாம்பியா கால்பந்து சங்கம், 2012” என்றும் இருக்கிறது. இந்த “சொன்னவர்” கட்டம் ஒவ்வொரு வரிக்கும் வேண்டும். முரண்பட்ட எண்களைச் சராசரி எடுத்து நடுவில் ஒன்றை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எழுதாமலே இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள், இரண்டுக்கும் பெயர் போடுங்கள். ஆப்பிரிக்கச் செய்தித்தாள் சேமிப்பில் பாதி காணாமல் போனதற்கு ஸ்ட்ரைக்கர் பொறுப்பா என்ன?

பெனால்டிக்கு ஒரு சின்ன கட்டம் விடுங்கள், கிடைத்தால் நிரப்பலாம்.

ஓய்வு பெற்ற ஆண்டை மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். 35 கோலுக்கு அப்புறம் எம்பெசுமா இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்துக்குப் போனார், அங்கே வாய்ப்பே சரியாகக் கிடைக்கவில்லை. போர்ச்சுகல், துருக்கி என்று சுற்றித் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பினார். ஆள் முடிந்துவிட்டார் என்று பலரும் கோடு கிழித்துவிட்டார்கள். 2015-16-இல் பிளாக் ஏசஸ் என்ற கிளப்புக்கு 14 கோல் அடித்து மறுபடியும் லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஆனார். அப்போது வயது 32. அந்த வீரனே “நிறுத்திவிட்டேன்” என்று சொல்லும்வரை கடைசி வரிக்குக் கீழே நாலைந்து வரி காலியாக விட்டுவையுங்கள்.