கெட்ட கனவிலிருந்து எழுப்ப நாயைப் பழக்குவது

போர், விபத்து, வன்முறைக்குப் பிறகு பிடிஎஸ்டி என்ற மன அதிர்ச்சி பாதிப்பு வந்தவர்களுக்கு இரவுதான் பெரும்பாடு. தூக்கத்தில் அலறுபவரை எழுப்ப ஒரு நாயைப் பழக்க முடியும். மனநல சிகிச்சையை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு வயது தாண்டிய, சத்தத்துக்கு மிரளாத நாயாகப் பாருங்கள். முதலில் ‘முட்டு’ என்றதும் உள்ளங்கையை மூக்கால் தொடப் பழக்குங்கள். தொட்ட அந்த நொடியே பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். அது கைவந்ததும், கட்டிலில் படுத்துக் கையை ஓரமாகத் தொங்கவிட்டு அதையே செய்யுங்கள்.

பிறகு பகலில், கெட்ட கனவு வந்ததுபோல் நடிப்பு: லேசான முனகல், கால் அசைவு. உடனே வீட்டில் ஒருவர் ‘முட்டு’ என்று சொல்லட்டும். போகப் போகச் சொல்வதைத் தாமதப்படுத்தினால், முனகலைக் கேட்டதுமே நாய் முந்திக்கொள்ளும். எடுத்த எடுப்பில் உதறிக் கத்தினால் பயந்து கட்டில் பக்கமே வராது. நாய் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது போன்ற பதற்ற அறிகுறி தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு விடுங்கள்.

முகத்தை நக்கியோ மார்பில் ஏறியோ எழுப்பப் பழக்கவே கூடாது. திடுக்கிட்டு விழிப்பவர் தன்னையறியாமல் ஓங்கி அடித்துவிடலாம். ஒரே அடியில் அத்தனை உழைப்பும் பாழ், நாய்க்கும் காயம். தரையில் நின்று கையை முட்டுவதே பாதுகாப்பு.

சும்மா படுத்திருக்கையில் முட்டினால் தீனி கிடையாது. தந்தால் இரவெல்லாம் எழுப்பும். நிஜக் கனவில் எழுப்பினால் கட்டாயம் தர வேண்டும். தீனி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரவில் விழித்த நாய்க்குப் பகலில் தொந்தரவில்லாத தூக்கம் வேண்டும்.