அரிட்டாபட்டி போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மலையடி ஊர். விடியலிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். நேரே மலையேறாதீர்கள். டீக்கடையில் விசாரித்து, வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூலியில் பேரம் வேண்டாம், அது அவருடைய அரைநாள் பிழைப்பு. குடைவரைச் சிவன் கோயிலில் கையில் தடியோடு அமர்ந்திருக்கும் லகுலீசர் என்னும் சிவ அவதாரத்தையும், குகை விளிம்பில் வெட்டிய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளையும் அவர் காட்டுவார். எழுத்துகளை விரலால் தேய்க்காதீர்கள். உச்சிப் பாறைகளில் வல்லூறுகள் கூடு கட்டும். அங்கே கூச்சலும் ட்ரோனும் கூடவே கூடாது. சுனையில் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது, பறவைகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். சாப்பாட்டை மதுரையிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுபோகாமல் ஊரிலேயே சொல்லிவையுங்கள்.